யார் கைக்கு?

டிராக்டர் மெக்கானிக்கை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'பதினேழு' என்றுதான் கூப்பிடுவார்கள். பதினேழாம் நம்பர் ஸ்பானரை எங்காவது வைத்துவிட்டு, "பதினேழு எங்க போச்சு? பதினேழை யாராவது பாத்தீங்களா?" என்று நாள் முழுவதும் ஷெட் அதிரக் கத்துகிற மனிதருக்கு வேறென்ன பெயர் கிடைக்கும்? அந்த வகையில் அவருடைய மனைவி 'பதினேழு சம்சாரம்' ஆனாள். ஸ்பானருக்கு வாழ்க்கைப்பட்டவள் உலகத்திலேயே நான் ஒருத்திதான் என்று ஆரம்பத்தில் அவளே சொல்லிச் சிரித்திருக்கிறாள். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம் ஆகிவிட்டது. இப்போது அந்தச் சிரிப்புக்கும் கொஞ்சம் தெம்பு வேண்டியிருக்கிறது.

பதினேழின் தொழிலில் யாரும் குறை சொல்ல முடியாது. டிராக்டர் தெருமுனை திரும்பும்போதே, எந்த பேரிங் போயிருக்கிறது என்று உட்கார்ந்த இடத்திலிருந்து சொல்லிவிடுவார். கழற்றிப் பார்த்தால் அதுதான் போயிருக்கும். சாமான் விஷயத்தில் மட்டும் அவரிடம் ஒரு சட்டம் உண்டு. எழுதி வைக்காத சட்டம், ஆனால் ஒரு நாளும் மாறாத சட்டம். ஷெட்டுக்கு நல்ல சாமான்தான் வாங்குவார். அது அங்கே உழைத்து, வாய் விரிந்து, பல் தேய்ந்து, இனி டிராக்டருக்கு ஆகாது என்று ஆனதும் வீட்டுக்கு வந்துவிடும். "வீட்டுக்கு அது போதும்" என்பார்.

வீட்டு வேலையை அவர் செய்வதாக இருந்தால் அதுவும் சரிதான். ஆனால் ஷெட்டில் பத்து மணி நேரம் மல்லாந்து கிடந்துவிட்டு வருகிற மனிதர், வீட்டில் ஓர் ஆணிகூட அடிக்க மாட்டார். அடிக்க மாட்டேன் என்று சொல்லவும் மாட்டார். "பாக்கலாம்" என்பார். அந்தப் 'பாக்கலாம்' இரண்டு மழைக்காலம் வரைக்கும் தாங்கும். எனவே ஒழுகுகிற குழாயும், தொங்குகிற கதவும், ஆடுகிற கட்டிலும் அவள் தலையில் விழுந்தன. தேய்ந்த சாமானை வைத்துத் தேய்ந்த மனுஷி செய்த ரிப்பேர் எப்படி இருக்கும்? அந்த வீட்டில் ஒரு ஸ்க்ரூவுக்குக்கூட முகம் கிடையாது. எல்லாத் தலையும் கடித்துத் துப்பியது மாதிரி இருக்கும். நட்டுகளின் மூலையெல்லாம் மழுங்கி உருண்டையாகிவிட்டன. மெக்கானிக் வீட்டைப் போய்ப் பாருங்கள் என்று யாராவது சொன்னால் தொழிலுக்கே அவமானம்.

இதையெல்லாம் அவள் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. எடுத்துக்கொள்ள நேரமும் இல்லை. ஒன்பது வருஷமாகப் பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் வேலை. ஈர விரிப்புகளை இயந்திரத்திலிருந்து இழுத்து, டிராலியில் ஏற்றி, சரிவுப் பாதை வழியாகக் காயவைக்கிற கூடத்துக்கு இறக்க வேண்டும். ஈரத்துணியின் கனம் தூக்கியவர்களுக்குத்தான் தெரியும். மாலையில் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது, இன்றைக்கு எது வலிக்கிறது என்று யோசிக்க மாட்டாள். எது வலிக்கவில்லை என்று யோசிப்பது சுலபம்.

ஆனால் இந்த வியாழக்கிழமை நடந்தது வேறு. சரிவில் டிராலியை இறக்கும்போது கைப்பிடியோடு சேர்ந்திருக்கிற பிரேக் லீவரை வலது கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டே வர வேண்டும். பாதிச் சரிவில் அவளுடைய கை விட்டுவிட்டது. அவள் விடவில்லை, கை விட்டது. அழுத்து, அழுத்து என்று மனம் சொல்லிக்கொண்டிருக்க, விரல்கள் தமக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்பது போல இருந்தன. டிராலி தானாக ஓடிக் கீழ்ச் சுவரில் மோதி, நாற்பது விரிப்புகளையும் தரையில் கொட்டியது. நல்லவேளை, கீழே ஆள் யாரும் இல்லை.

சூப்பர்வைசர் அம்மா கத்தவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை. "உனக்குக் கை சரியில்லையா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"வழுக்கிடுச்சும்மா. ஈரம்."

"திங்கக்கிழமை காலைல என் கண்ணு முன்னாடி ஒரு டிராலி இறக்கிக் காட்டு. முடியலன்னா நான் வேற ஆள் பாக்கணும். கீழ யாராவது நின்னிருந்தா என்ன ஆகியிருக்கும், நீயே யோசி."

அவள் யோசித்தாள். அதற்கப்புறம் வேறு எதையும் யோசிக்கவில்லை. ஈரத்தால் வழுக்கவில்லை என்பது அவளுக்குத் தெரியும். கட்டைவிரலுக்கு அடியில், மணிக்கட்டுக்குச் சற்று மேலே, மழை தொடங்கிய நாளிலிருந்து ஏதோ ஒன்று பிடித்துக்கொண்டிருந்தது. முதலில் காலையில் மட்டும் வலித்தது. பிறகு காலையும் மாலையும். பிறகு வலி குறைந்து மரத்துப்போனபோது குணமாகிவிட்டது என்று சந்தோஷப்பட்டாள். மரத்துப்போவதற்கும் குணமாவதற்கும் உள்ள வித்தியாசம் வியாழக்கிழமைதான் தெரிந்தது. இந்தக் கை போனால் வேலை போகும். வேலை போனால், டிராக்டர்கள் வயலில் ஓடாமல் நிற்கிற ஐந்து மாதம் வீட்டில் அடுப்பு எதை நம்பி எரியும்? புருஷனிடம் சொல்லவில்லை. சொல்லுகிற மாதிரி அவர் முகம் ஒரு நாளும் இல்லை.

வெள்ளிக்கிழமை சமையலறைக் குழாயின் அடி நட்டு தளர்ந்து தண்ணீர் சொட்டியது. வீட்டிலிருந்த கட்டிங் பிளையரை எடுத்துப் பிடித்தாள். அந்தப் பிளையர் ஷெட்டில் பதினோரு வருஷம் உழைத்துவிட்டு ஓய்வுக்கு வந்தது. தாடை இரண்டும் ஒன்றையொன்று பார்க்காமல் ஆளுக்கொரு பக்கம் திரும்பியிருக்கும். நட்டைக் கவ்வவே இல்லை. மூன்று தடவை வழுக்கி, நாலாவது தடவை அவள் முழங்கை தொட்டி விளிம்பில் இடித்தது. கண்ணில் நீர் வந்துவிட்டது. ஆனால் வலியோடு சேர்ந்து ஒரு யோசனையும் வந்தது. குற்றம் கையில்தான் இருக்கிறது என்று யார் சொன்னது? சாமானிலும் இருக்கலாமே!

பதினேழு வாடிக்கையாளர்களிடம் அடிக்கடி சொல்வதை அவள் கேட்டிருக்கிறாள். "நல்ல சாமான் கையில பலம் கேக்காதுங்க. மட்டமான சாமான்தான் நம்ம பலத்தைக் குடிக்கும்." அப்படியானால் இத்தனை வருஷமாக இந்த மட்டமான சாமான்கள்தான் அவள் பலத்தைக் குடித்திருக்கின்றன. டிராலி லீவரும் துருப்பிடித்ததாக இருக்கும். ஒரு நல்ல பிளையரைப் பிடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். அது மூடிவிட்டால் கையில் குறை ஒன்றும் இல்லை. திங்கட்கிழமை தைரியமாகப் போகலாம். இந்த எண்ணம் வந்ததும் அவளுக்கு அன்றைய சோறு கொஞ்சம் இறங்கியது.

"நாளைக்குக் காலைல டூல்ஸ் கடைக்குப் போறேன்" என்றார் பதினேழு சாப்பிட்டுக்கொண்டே. "அறுவடை வரப் போகுது. ஷெட்டுக்கு ஸ்பானர் செட் மாத்தணும்."

"நானும் வர்றேன்."

சோற்றுக் கையோடு நிமிர்ந்து பார்த்தார். "நீ எதுக்கு?"

"வீட்டுக்கும் ஒரு செட் வாங்கணும். புதுசா."

"பாக்கலாம்" என்றார்.

"பாக்க வேணாம். வாங்கணும்."

இருபத்திரண்டு வருஷத்தில் அவள் அப்படிப் பேசியதில்லை. அவருக்குச் சண்டை போடத் தெம்பில்லை. தலையை ஆட்டிவிட்டுச் சோற்றைப் பிசைந்தார்.

கடை நீளமாக, ரயில் பெட்டி மாதிரி இருந்தது. இரண்டு பக்கச் சுவரிலும் கூரை வரைக்கும் சாமான்கள் தொங்கின. எண்ணெயும் புது ரப்பரும் அட்டைப்பெட்டியும் கலந்த வாசனை. கல்லாவில் கடைக்காரம்மா உட்கார்ந்திருந்தாள். அறுபது வயதிருக்கும். கண்ணாடியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டியிருந்தாள். புருஷன் போனபிறகு கடையை எடுத்து நடத்த ஆரம்பித்தவள். இப்போது சாமானைக் கரைத்துக் குடித்தவள். வாங்க வருகிறவர் வாயைத் திறக்குமுன் அவருடைய கையைத்தான் முதலில் பார்ப்பாள்.

"வா தம்பி பதினேழு. பின்னாடி யாரு, வீட்டம்மாவா? கூட்டிட்டு வந்திருக்கியே, அதிசயம்தான். உக்காரும்மா."

அவளுக்கு ஒரு ஸ்டூல் கிடைத்தது. பதினேழு வேலையை ஆரம்பித்தார்.

அவர் சாமான் தேர்ந்தெடுப்பதை அவள் இதுவரை பார்த்ததில்லை. முதலில் ஸ்பானரைக் கையில் வாங்கி, எடை பார்ப்பதுபோல இரண்டு தடவை தூக்கிப் போட்டுப் பிடித்தார். பிறகு ஒரு விரலில் தொங்கவிட்டு இன்னொரு ஸ்பானரால் மெல்லத் தட்டினார். 'ணங்' என்று நீளமாக ஒலித்தது. "அடிச்சு உருவாக்குன இரும்பு. வார்த்த இரும்பா இருந்தா சத்தம் செத்துப் போயிடும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். வாயின் இரண்டு பக்கமும் சமமாக இருக்கிறதா என்று கண்ணருகே வைத்துப் பார்த்தார். சட்டைப்பையிலிருந்து ஒரு புது போல்ட்டை எடுத்து அதன் தலையில் மாட்டி இப்படியும் அப்படியும் ஆட்டினார். ஆட்டம் ஒரு முடி அளவு அதிகம் என்று நாலு ஸ்பானரைத் தள்ளி வைத்தார். முலாம் பூசிய இடத்தை நகத்தால் சுரண்டினார். ஸ்க்ரூ டிரைவர்களின் முனையை விரல் நுனியால் தடவினார். சுத்தியலின் கட்டை வரி நீளவாக்கில் ஓடுகிறதா, குறுக்கே ஓடுகிறதா என்று ஜன்னல் பக்கம் போய் வெளிச்சத்தில் பார்த்தார். "குறுக்க ஓடினா என்னைக்காவது ஒருநாள் தலை கழண்டு யார் மூஞ்சிலயாவது போய் விழும்."

பிளையர் வந்தபோது கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். மூடி வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, தாடைக்கு நடுவில் வெளிச்சம் கசிகிறதா என்று பார்த்தார். இணைப்பைப் பக்கவாட்டில் அசைத்து ஆட்டம் பார்த்தார். வெட்டுகிற இடத்தில் ஒரு துண்டுக் காகிதத்தை வைத்து அழுத்தி, ஓரம் முழுக்கச் சுத்தமாக அறுகிறதா என்று பார்த்தார்.

ஒன்றரை மணி நேரம்! அவளுக்கு முதலில் ஆச்சரியமாக இருந்தது. அந்த முரட்டுக் கைகளுக்கு இவ்வளவு நிதானம் தெரியும் என்று அவள் நினைத்ததே இல்லை. பிறகு வயிறு எரிந்தது. இந்த ஒன்றரை மணி நேரத்தில் கால்வாசி நேரமாவது அந்த மனிதர் தன்னை இப்படித் திருப்பிப் பார்த்திருக்கிறாரா? சிரிப்பு வருகிற எண்ணம்தான். ஆனாலும் எரிந்தது.

கடைசியில் எல்லாவற்றையும் கட்டச் சொல்லிவிட்டு, கல்லா பக்கத்தில் அடுக்கியிருந்த சிவப்பு பிளாஸ்டிக் பெட்டிகளைக் காட்டினார். நாற்பது சாமான் ஒரே பெட்டியில். மூடியில் சிரிக்கிற ஒரு குடும்பத்தின் படம். "அதுல ஒண்ணு குடுங்கக்கா. வீட்டுக்கு அது போதும்."

அவள் ஸ்டூலை விட்டு எழுந்தாள். பெட்டியைத் திறந்தாள். ஸ்பானரை எடுத்து விரலில் தொங்கவிட்டு இன்னொன்றால் தட்டினாள். 'டப்' என்றது. பிளையரை இடது கையால் எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தாள். தாடைக்கு நடுவில் தெருவே தெரிந்தது.

"ஒரு ஆட்டோ போகுது. பாக்குறீங்களா?" என்று புருஷனிடம் நீட்டினாள்.

கடைக்காரம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். பதினேழின் காது சிவந்தது.

"ஏய், டிராக்டர் நம்ம பொழப்பு. அதுல சாமான் வழுக்கினா ஒரு போல்ட்டு போகும், ஒரு நாள் போகும், வாடிக்கை போகும். வீட்டுல என்ன? குழாய்தானே?"

"குழாயை யார் பிடிக்கிறா?"

"நீதான்."

"என் கை போனா?"

கேள்வி அவருக்குள் போய்ச் சேரவில்லை என்பது அவளுக்குத் தெரிந்தது. ஆனால் ஒன்று நடந்தது. அவள் பிளையரைச் சோதித்த விதம் அவருக்குப் பிடித்திருந்தது. தொழில்காரருக்குக் கோபம் ஒரு பக்கம் இருந்தாலும் பெருமை ஒரு பக்கம் எட்டிப் பார்க்கும். "நல்லாத்தான் கத்துக்கிட்டா" என்று கடைக்காரம்மாவிடம் முணுமுணுத்துவிட்டு, பிளாஸ்டிக் பெட்டியை ஓரமாகத் தள்ளினார்.

"சரிக்கா. நல்ல கட்டிங் பிளையர் ஒண்ணு எடுங்க. ஷெட்டுக்கு எடுத்த அதே கம்பெனி."

"யார் கைக்கு?" என்றாள் கடைக்காரம்மா.

பதினேழு தன்னுடைய கையை நீட்டினார். நீட்டின பிறகுதான் தப்பு புரிந்து, பின்னால் நின்றவளைக் காட்டினார். கடைக்காரம்மா எடுக்கப் போன நீண்ட பிளையரை விட்டுவிட்டு அதைவிடச் சின்னதாக ஒன்றை எடுத்தாள். அவர் அதையும் வாங்கி வெளிச்சம் பார்த்து, ஆட்டம் பார்த்து, காகிதம் வெட்டிப் பார்த்து, திருப்தியாக அவளிடம் கொடுத்தார். "பிடிச்சுப் பாரு. வெண்ணெய் மாதிரி போகும்."

அவள் வலது கையில் வாங்கினாள். இதற்காகத்தான் வந்தாள். பிளையர் திறந்து இருந்தது. விரல்களைச் சுற்றி வளைத்து அழுத்தினாள்.

பாதியில் நின்றது.

"அழுத்தும்மா" என்றார்.

"அழுத்துறேன்."

பதினேழு நெற்றியைச் சுருக்கினார். கையிலிருந்து வாங்கித் தானே திறந்து மூடிப் பார்த்தார். "புதுசுல்ல, அதான் கொஞ்சம் இறுக்கமா இருக்கு. வேற ஒண்ணு குடுங்கக்கா."

இரண்டாவது பிளையரும் பாதியில் நின்றது. "இது கைப்பிடி ரப்பர் தடிமன். வேற." மூன்றாவதுக்கு இணைப்பில் எண்ணெய் போதாது என்றார். கடைக்காரம்மா ஒரு சொட்டு எண்ணெய் விட்டுக் கொடுத்தாள். எண்ணெய்க்குப் பிறகும் அது மூடவில்லை. நாலாவதுக்குக் கைப்பிடி அகலம் என்றார். ஐந்தாவது ஸ்பிரிங் வைத்தது. "ஸ்பிரிங்தான் எதிர்த்துத் தள்ளுது. ஸ்பிரிங் இல்லாம குடுங்க" என்றபோது அவர் குரல் உயர்ந்துவிட்டது. "என்னக்கா சரக்கு வச்சிருக்கீங்க நீங்க? ஒரு பிளையர் உருப்படியா இல்ல!" பின்னால் காத்திருந்த இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள்.

அவளும் ஒவ்வொரு தடவையும் அவரை நம்பினாள். ஆமாம், ரப்பர் தடிமன்தான். ஆமாம், ஸ்பிரிங்தான். அடுத்தது மூடும். அடுத்தது கண்டிப்பாக மூடும். உதட்டுக்கு மேல் வியர்த்துவிட்டது. இரண்டு பேரும் சேர்ந்து ஒரு கடைச் சரக்கையே குற்றவாளியாக்கிக்கொண்டிருந்தார்கள். கல்லா மேல் அருமையான பிளையர்கள் வரிசையாகத் தலைகுனிந்து கிடந்தன.

கடைக்காரம்மா கழுத்தில் தொங்கிய கண்ணாடியை எடுத்து மாட்டினாள். "ஏம்மா," என்றாள் மெதுவாக, "அதை இடது கைல பிடிச்சுப் பாரு."

அவள் மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். பிளையரை வைத்துவிட்டு, நேரமாச்சு வாங்க என்று வெளியே போயிருக்கலாம். திங்கட்கிழமை வரைக்கும் இன்னும் இரண்டு நாள் நம்பிக்கை மிச்சம் இருந்திருக்கும். ஆனால் அதைச் சுமக்கவும் தெம்பில்லை. பிளையரை இடது கைக்கு மாற்றினாள். அழுத்தினாள்.

டக்கென்று மூடிக்கொண்டது. வெண்ணெய் மாதிரிதான் போனது.

பின்னால் நின்றவர்களில் ஒருவர் இருமினார். பதினேழு பிளையரைப் பார்த்தார், இடது கையைப் பார்த்தார், பிறகு வலது கையைப் பார்த்தார். கட்டைவிரலுக்குக் கீழே இருந்த சதை மேடு வற்றிப்போய்ப் பள்ளமாக இருந்தது. தினமும் அதே கைதான் அவருக்குச் சோறு போடுகிறது. இன்றைக்குத்தான் பார்க்கிறார்.

"எவ்வளவு நாளா?"

"மழை ஆரம்பிச்சதுலேர்ந்து."

"அது ஏழு மாசம்."

"ம்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்க களைச்சுப் போய் வர்றீங்க."

"நீ களைச்சு வரலையா?"

"வர்றேன். வீட்டுல ரெண்டு பேரும் களைச்சுக் கிடந்தா, யார்கிட்ட யார் சொல்றது?"

அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். அவளுக்காகப் போட்ட ஸ்டூல் அது. உட்கார்ந்தபடியே அவளுடைய வலது கையை எடுத்துத் தன் மடியில் வைத்தார். கிரீஸ் படிந்த கட்டைவிரலால் மணிக்கட்டில் ஓர் இடத்தை அழுத்தினார்.

"இங்கயா?"

"இல்ல."

"இங்க?"

"இன்னும் கொஞ்சம் மேல."

"இங்கயா?"

வலித்தது, ஆனால் அழுகை வந்தது வலியால் இல்லை. ஏழு மாதத்தில் அந்த இடத்தை இன்னொருவர் தொட்டது அதுதான் முதல் தடவை. நாலு பேர் பார்க்கிற கடையில் நின்றுகொண்டு, வெட்கப்படக்கூடத் தோன்றாமல் அழுதாள். அழுதுகொண்டே டிராலி ஓடியதையும், கொட்டிய விரிப்பையும், சூப்பர்வைசர் அம்மா திங்கட்கிழமை இறக்கிக் காட்டச் சொன்னதையும் சொல்லி முடித்தாள்.

பதினேழு கேட்டுக்கொண்டிருந்தார். கேட்டு முடித்ததும் தொழில்காரர் விழித்துக்கொண்டார். "அந்த பிரேக் வயரைக் கொஞ்சம் இழுத்து வச்சா லீவர் லேசாயிடும். லேசா தொட்டாலே பிடிக்கும். திங்கக்கிழமை விடியக் காலைல நான் வந்து ஒரு பத்து நிமிஷத்துல..."

ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, அவள் மனம் அதையும் பிடித்துக்கொண்டது. செய்யட்டுமே. யாருக்குத் தெரியப் போகிறது? திங்கட்கிழமை தப்பித்துவிடலாம். செவ்வாய்க்கிழமை சரிவின் கீழே யார் நிற்பார்கள் என்று நினைத்துப் பார்த்தாள். துணி மடிக்க வருகிற பெண்கள் அங்கேதான் உட்கார்ந்து டீ குடிப்பார்கள்.

"டிராலிக்கு ஒண்ணும் இல்லீங்க" என்றாள். "கைக்குத்தான்."

அவர் தலைகுனிந்துகொண்டார். "திங்கக்கிழமை நீ டிராலி இறக்க வேணாம்" என்றார்.

"இறக்கலன்னா வேலை போயிடும்."

"போகும்."

"அப்புறம்?"

"தெரியல" என்றார் பதினேழு. எதைக் கொண்டுவந்து நிறுத்தினாலும், இன்னது செய்தால் சரியாகும் என்று சொல்கிற மனிதர். அவர் பொய் சொல்லாதது அவளுக்கு எப்படியோ ஆறுதலாக இருந்தது.

எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். "கட்டினதெல்லாம் அப்படியே இருக்கட்டும்க்கா. அப்புறமா வர்றேன்."

"ஷெட்ல வண்டி பிரிச்சுக் கிடக்குதுன்னு சொன்னியே தம்பி?"

"கிடக்கட்டும்."

கடைக்காரம்மா தலையை ஆட்டினாள். "ஆஸ்பத்திரில சனிக்கிழமை மத்தியானம் வரைக்கும்தான் பாப்பாங்க. சீக்கிரம் போங்க."

இரண்டு பேரும் வெயிலில் நடந்தார்கள். அவர் வழக்கம்போல நாலடி முன்னால் போகவில்லை. அவளுடைய வலது பக்கமாகவே வந்தார், கையைத் தொடாமல், ஆனால் யாரும் அதில் இடித்துவிடாதபடி. அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது. வேலை போய்விடும் என்ற பயமும், கை திரும்பி வராது என்ற பயமும். ஆனால் ஏழு மாதமாகத் தனியாகப் பயந்த பயம் இல்லை இது.

ஆஸ்பத்திரியின் பெரிய கதவு வந்தது. உள்ளே நாலைந்து வரிசைகள் நீண்டிருந்தன. எந்த வரிசை எதற்கு என்று தெரியவில்லை.

"நீ இங்கதானே வேலை செய்யிற. சீட்டு எங்க வாங்கணும்?" என்று கேட்டார்.

அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். ஒன்பது வருஷம் இங்கே படுத்தவர்களின் விரிப்பைத் துவைத்திருக்கிறாள். எல்லா நாளும் பின்கதவு வழியாக வந்து, பின்கதவு வழியாகவே வீட்டுக்குப் போனவள்.

"தெரியலைங்க" என்றாள். "யாரையாவது கேளுங்க."